பாதி எழுந்த கட்டடமே பாடம்

பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்கோடியில், கிரியான் ஆற்றுப் பக்கம் இருக்கும் நிபோங் திபாலைத் தோட்டப்புற ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இன்று சுற்றிலும் செம்பனை. அதற்கு முன்பு ரப்பர். அதற்கும் முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பத்து காவான் பக்கமெல்லாம் கரும்புத் தோட்டங்கள். இதே ஊரில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் இருக்கிறது. பேராக்கிலிருந்து 2001-இல் இங்கே இடம் மாறி வந்தது. சிவில் பொறியியல் கற்பிக்கும் பள்ளி அதற்குள்ளேயே இயங்குகிறது.

இத்தனை அருகில் இருந்தும், உள்ளே என்ன படிக்கிறார்கள் என்பது நம் வீடுகளில் தெளிவாகத் தெரிவதில்லை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விவரம் கேட்க வரும் அப்பாமார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "தம்பி, கட்டடம் விழாம நிக்கிறதுக்குக் கணக்குப் போடுவாங்க, அது தெரியும். கட்டுறதுக்கு என்ன தனிப் படிப்பு? அதைத்தான் காண்ட்ராக்டர் பாத்துக்குவாரே?" நியாயமான கேள்வி. பத்து காவானில் இன்று அடுக்குமாடிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கும் நிலையில், அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முடிந்த கட்டடத்தில் தூண், தளம், சுவர் எல்லாம் கைகோத்து நின்று எடையையும் காற்றையும் தாங்குகின்றன. வரைபடத்தில் இருப்பதும் அந்த முடிந்த நிலைதான். ஆனால் 50 மாடிக் கட்டடம் ஒன்று மூன்று நான்கு வருடங்கள் முடியாத நிலையிலேயே நிற்கிறது. நேற்று ஊற்றிய தளம் இன்னும் இறுகியிருக்காது. லிப்டைச் சூழ்ந்த நடுச்சுவர் உயர்ந்திருக்கும், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தளங்கள் இன்னும் வந்திருக்காது. அடித்தளக் குழியின் ஓரத்தில் சாலை ஓடும், பக்கத்துக் கடைவீடு நிற்கும். அரைக்கிணறு தாண்டிய நிலை என்கிறோமே, அதே நிலையில் ஒவ்வொரு நாளும் கட்டடம் பத்திரமாக நிற்க வேண்டும். எதை முதலில் கட்டுவது, எதை எப்போது கழற்றுவது, இடைக்காலத்தில் எது எதைத் தாங்கும் என்று ஒவ்வொரு நாளுக்கும் கணக்குப் போடுவதுதான் கட்டுமான முறை என்ற பாடம். சிக்கலான உயர்ந்த கட்டடங்களில் பெரிய விபத்துகள் பல நடந்ததும் இந்த இடைக்காலத்தில்தான். அதனால் இதை ஒரு துணைப்பாடமாக நினைப்பதை நான் ஏற்பதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இந்தத் துறைக்கு அப்படியே பொருந்தும். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 88 மாடி, 452 மீட்டர். அவற்றுக்கு முதலில் குறித்த இடத்தில் மண்ணைச் சோதித்தபோது, கீழே சுண்ணாம்புப் பாறை ஒரு செங்குத்துச் சரிவாக இறங்குவது தெரியவந்தது. அங்கேயே கட்டியிருந்தால் கோபுரத்தின் ஒரு பகுதி பாறை மேலும் மற்றொரு பகுதி மண் மேலும் உட்கார்ந்திருக்கும். பாறைப் பக்கம் அசையாது, மண் பக்கம் இறங்கும், கோபுரம் சாயும். ஆகவே கட்டடங்களையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, முழுவதும் ஆழமான மண் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். பாறையை எட்ட முயலாமல், மண்ணோடு உராய்ந்து நிற்கும் பைல்களை, அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 பைல்கள், 60 மீட்டரிலிருந்து 114 மீட்டர் வரை ஆழம். பாறையின் சரிவுக்கு ஏற்றபடி பைலின் நீளமும் மாறியதால் கோபுரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கும். வகுப்பில் இந்த உதாரணம் வந்தால் மாணவர்கள் உயரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு மண்ணைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

நம் பக்கத்து மண் வேறு விதம். நிபோங் திபாலிலிருந்து பத்து காவான் வரை கடலோரச் சமவெளியில் இருப்பது மென்மையான கடல் களிமண், உள்ளே நிறைய நீர். அதன்மேல் மண் கொட்டி மேடாக்கினால், அந்த எடையில் நீர் மெதுவாகப் பிழியப்பட்டு வருடக்கணக்கில் நிலம் இறங்கும். இதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் கட்டிய பல தாமான்களில் வீடு பைல் மேல் அசையாமல் நிற்கும், கார் நிறுத்தும் தளம் மட்டும் நாலு விரல் இறங்கியிருக்கும், சுவரோரம் ஒரு பிளவு ஓடும், சாக்கடை வாட்டம் மாறித் தண்ணீர் தேங்கும். சிமெண்ட் பூசி அடைத்தாலும் அடுத்த வருடம் பிளவு திரும்பி வரும். உயரமான கட்டடத்தில் இதன் விளைவு இன்னும் கடுமை. பைலைச் சுற்றியுள்ள களிமண் இறங்கும்போது பைலைத் தாங்குவதற்குப் பதிலாகத் தானே அதன்மேல் தொங்கிக்கொண்டு கீழே இழுக்கும். கட்டடத்தின் எடையோடு மண்ணின் எடையையும் பைல் சுமக்க வேண்டிவரும். இதற்கு ஒரு தீர்வு உண்டு. களிமண்ணுக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே தற்காலிகமாக மண்மேடு குவித்து, நீர் வெளியேறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அப்புறம் பைல் இறக்குவது. என்ன செய்வது என்பது அநேகமாக எல்லாருக்கும் தெரிந்ததுதான். காத்திருக்கும் மாதங்களுக்கு வட்டி ஏறுகிறதே, அதைத் தாங்கிக்கொண்டு வரிசையை மாற்றாமல் இருப்பதுதான் கடினம். அந்த நெருக்கடியில் "இன்னும் முடியவில்லை" என்று எண்களோடு எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

பைலுக்கு மேலே தடிமனான அடித்தளப் பலகை வரும். இரட்டைக் கோபுரங்களில் அதன் தடிமன் 4.5 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய 245 கன மீட்டர். ஒரு லோரி 7 கன மீட்டர் கொண்டுவரும் என்று வைத்தால் மணிக்கு 35 லோரி, அதாவது இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று, இரண்டு இரவும் இரண்டு பகலும் தாண்டி. எங்காவது ஒரு மணி நேரம் வரிசை நின்றுபோனால் பழைய கான்கிரீட் இறுகத் தொடங்கி, புதியது அதோடு சேராமல் ஒரு பலவீனமான கோடு உள்ளே தங்கிவிடும். ஆகவே எத்தனை கலவை ஆலை, ஒன்று பழுதானால் மாற்று எது, லோரி எந்தச் சாலையில் வரும், மழை பிடித்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் வெப்பம். சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது சூடு பிறக்கும். வீட்டுத் தளத்தில் அது காற்றோடு போய்விடும். நாலரை மீட்டர் தடிமனில் நடுவில் பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் 70 டிகிரியைக்கூடத் தொடலாம். நடுப்பகுதி விரியும், மேற்பரப்பு குளிர்ந்து சுருங்கும், இரண்டும் இழுத்துக்கொண்டு வெடிப்பு விழும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான எல்லை. சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து நிலக்கரிச் சாம்பலோ உருக்காலைக் கசடோ சேர்ப்பது, கலக்கும் தண்ணீருக்குப் பதில் ஐஸ் போடுவது, வெயில் இறங்கிய பிறகு ஊற்றுவது எல்லாம் இதற்காகத்தான். 828 மீட்டர் உயரமுள்ள துபாயின் புர்ஜ் கலிபாவிலும் கோடையில் இரவில்தான் ஊற்றினார்கள், ஐஸும் சேர்த்தார்கள். ஊற்றி முடித்த பிறகு செய்வது மாணவர்களுக்கு முதலில் விளங்காது. சூடாக இருக்கும் கான்கிரீட்டைப் போர்வை போட்டு மூடி இன்னும் சூடாகவே வைத்திருப்பார்கள். மேற்பரப்பு அவசரமாகக் குளிராமல் இருந்தால்தான் வித்தியாசம் 20-க்குள் நிற்கும்.

சரி, மேலே ஏறுவோம். இன்றைய உயரமான கட்டடங்களில் லிப்டும் படிக்கட்டும் இருக்கும் நடுச்சுவர் முதலில் எழும். சுவருக்கான அச்சு, வேலை செய்யும் மேடை எல்லாம் ஒரே கூடாக, ஹைட்ராலிக் ஜாக்கி மூலம் தானே ஒவ்வொரு மாடியாக மேலே ஏறும். தளங்கள் சில மாடிகள் பின்னால் தொடர்ந்து வரும். வேலை சீராக ஓடினால் நாலைந்து நாளுக்கு ஒரு மாடி. அந்தக் கூடு எதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது? கொஞ்ச நாள் முன்பு ஊற்றிய அதே சுவரைத்தான். இளம் கான்கிரீட் ஒரு பெரிய எடையைத் தாங்கத் தயாரா இல்லையா என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி மிக எளிமையானது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதல் வருடத்திலேயே பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம், ஏறக்குறைய எட்டு கிலோ, ஒரு கையால் தூக்கிவிடலாம். ஊற்றும் அன்றே அதே கலவையிலிருந்து எடுத்து அச்சில் நிரப்பி, 7 நாளிலும் 28 நாளிலும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். சாதாரண அடுக்குமாடிக்குப் போடும் 35-ஆம் தரக் கான்கிரீட் என்றால் அந்தச் சின்னக் கட்டி சுமார் 80 டன் வரை தாங்கும். இரட்டைக் கோபுரங்களின் கீழ்மாடித் தூண்களில் போட்ட 80-ஆம் தரம் என்றால் 180 டன். மேலே உள்ள முள் ஏறிக்கொண்டே போகும், மூலைகளில் மெல்லிய கீறல் விழும், பக்கவாட்டுத் தோல் உரியும், பிறகு ஒரு சத்தத்தோடு உடைந்து நடுவில் கூம்பு வடிவம் மட்டும் மிஞ்சும். இரட்டைக் கோபுரங்களின் தொடக்கக் கட்டத்தில் ஒரு தொகுதிக் கான்கிரீட் இந்தச் சோதனையில் தேறாமல் போனதால் வேலையையே நிறுத்தி, தரக் கட்டுப்பாட்டை மாற்றி அமைத்துவிட்டுத்தான் தொடர்ந்தார்கள்.

சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்களை உலகம் முழுக்க இந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1973 மார்ச் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடியில் மேல்தளத்துக்குக் கீழே இருந்த முட்டுகளை, அதாவது இளம் தளத்தைத் தாங்கும் தற்காலிகக் கால்களைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். தூணைச் சுற்றிய தளம் தாங்காமல் துளைபட்டு இறங்கியது. ஒரு தளம் அடுத்த தளத்தின்மேல் விழுந்து தரைவரை போனது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1978 ஏப்ரல் 27-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில், மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றில், முதல்நாள் ஊற்றிய சுவரையே பிடித்துக்கொண்டு மேடை நின்றது. குளிர்ந்த இரவில் அந்தக் கான்கிரீட் போதிய வலு பெறவில்லை. மேல் விளிம்பு முழுவதும் உரிந்து விழுந்தது, மேடையில் இருந்த 51 பேரும் இறந்துபோனார்கள். இரண்டு இடத்திலும் கட்டி முடித்திருந்தால் கட்டடம் நின்றிருக்கும். நாள் கணக்குதான் பிசகியது. இந்த இரண்டையும் படித்த மாணவன் சைட்டில் "நாளைக்கே பலகையை எடுத்துடலாம்" என்ற பேச்சைக் கேட்கும்போது, முதலில் கனசதுரக் கட்டியை நசுக்கிய சோதனைத் தாளைக் கேட்பான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பினாங்கிலேயே நடந்திருக்கிறது. 2013 ஜூனில், பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டாவது பாலத்தின் தீவுப் பக்கத்தில், பத்து மாவுங்கில் கட்டிக்கொண்டிருந்த ஏற்றப்பாதை இடிந்து ஒருவர் இறந்தார். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் அடுக்குமாடி வீட்டுத் திட்டம் ஒன்றின் சைட்டில் வெட்டிய மலைச்சரிவு சரிந்து 11 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கட்டடத்தைப் போலவே அதற்காக வெட்டும் தற்காலிகச் சரிவும் ஒரு கட்டுமானம்தான். அதற்கும் கணக்கு, மேற்பார்வை, மழைநாள் விதி எல்லாம் வேண்டும். ஒரு காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஊர் விட்டு வந்து மண்ணில் வேலை செய்யும் இன்னொருவரின் உயிர், மேலே கையெழுத்துப் போடுபவரின் அறிவை நம்பி இருக்கிறது என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

ஆபத்தில்லாவிட்டாலும் மூளைக்கு வேலை கொடுக்கும் ஒரு விஷயம், கட்டடம் குள்ளமாவது. எடை ஏற ஏறக் கான்கிரீட் தூண் அமுங்கும், உலர்ந்து சுருங்கும், பல வருடங்கள் மெதுவாகத் தொடர்ந்து குறையும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலே 250 மீட்டர் உயரத்தில் 12.5 சென்டிமீட்டர். எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் பரவாயில்லை. வெளித்தூண் ஒரு அளவும் நடுச்சுவர் வேறு அளவும் குறையும்போது தளம் சாயும், கண்ணாடிச் சட்டம் நெரியும், லிப்ட் தண்டவாளம் வளையும். எனவே ஒவ்வொரு மாடியிலும் தூணை எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக ஊற்றுவது என்று கட்டும் வரிசையை வைத்தே கணக்கிடுவார்கள். வேலை மூன்று மாதம் நின்றுபோனால் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

இரட்டைக் கோபுரங்களின் 41, 42-ஆவது மாடிகளை இணைக்கும் 58 மீட்டர் வான்பாலமும் வரிசையின் வேலைதான். கோபுரங்கள் எழுந்த பிறகு 1995-இல் கீழிருந்து 170 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள். இரண்டு கோபுரங்களும் காற்றில் தனித்தனியாக அசையும் என்பதால் பாலத்தை இறுக்கிக் கட்டவில்லை, முனைகள் வழுக்கிக்கொள்ள இடம் விட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பெருமை தரும் ஒரு செய்தியும் உண்டு. பத்து காவானில் தொடங்கும் இரண்டாவது பாலத்தில் நிலநடுக்க அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு அடியிலும் இதே முறை உண்டு. கலிபோர்னியாவில் 1985-இல் கட்டி முடித்த ஒரு நீதிமன்றக் கட்டடம் இப்படிப்பட்ட ரப்பர் தாங்கிகள் மேல்தான் நிற்கிறது. பால்மரத்தில் காலை நாலு மணிக்கு உளி பிடித்தவர்களின் பிள்ளைகள் அந்தத் தாங்கியை வடிவமைக்கும் இடத்துக்கு வரமுடியும், வரவேண்டும்.

வழி எப்படி? இங்கேதான் பெற்றோர் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயருள்ள படிப்புகள் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் விடும். சிவில் பொறியியல் நாலு வருடப் பட்டம். பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற படிப்பாக இருந்தால், மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து, அனுபவமும் தேர்வும் முடித்து 'இர்' என்ற பட்டத்தோடு வரைபடத்தில் கையெழுத்திடும் இடம்வரை போகலாம். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்பாட்டில் இருப்பதால் மற்ற உறுப்பு நாடுகளிலும் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. பொறியியல் தொழில்நுட்பம் என்ற பெயரில் வரும் பட்டத்துக்கு அங்கீகார வழி வேறு. சைட் வேலைக்கு நல்ல படிப்புதான், ஆனால் 'இர்' ஆக வேண்டும் என்ற ஆசையில் சேர்ந்துவிட்டுப் பிறகு கையைப் பிசையக் கூடாது. கட்டுமான நிர்வாகம், கட்டடப் பொருளளவை போன்றவை பினாங்குத் தீவில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகத்தில், வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் பள்ளியில் உள்ளன. கட்டும் முறையை நேரடியாக அதிகம் தொடுவது சில சமயம் இந்தப் படிப்புகள்தான். மண்ணும் வலிமைக் கணக்கும் ஆழமாக வேண்டுமென்றால் சிவில். ஜொகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் என்று வேறு வாய்ப்புகளும் உண்டு.

எதுவானாலும் கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் நடக்காது. நாலாம் படிவத்தில் "கஷ்டம்" என்று பிள்ளை கூடுதல் கணிதத்தைக் கைவிட்டால் இந்தக் கதவு அன்றைக்கே பாதி மூடிவிடுகிறது. எஸ்.பி.எம். முடித்துப் படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ போகலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டும் பட்டத்துக்கு வரலாம். டிப்ளோமா வழியாக வருபவர்களுக்குச் சைட் பழக்கம் முன்பே இருப்பதால் கட்டுமான முறைப் பாடம் எளிதில் பிடிபடுகிறது. அந்த வழியைத் தாழ்வாக நினைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

படிப்பின் நடுவில் தொழிற்பயிற்சி வரும். பலர் வீட்டுக்குப் பக்கத்தில், குளிர்சாதன அலுவலகத்தில் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். முடிந்தவரை எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் சைட்டைக் கேட்டு வாங்க வேண்டும். போன முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அண்ணே, இன்றைக்கு ஊற்றும் தளத்துக்கு அடியில் எத்தனை மாடிக்கு முட்டு நிற்கிறது? அதை எடுக்க எந்த நாள் சோதனை முடிவைப் பார்க்கிறீர்கள்? முட்டுக்குத் தனி வரைபடம் இருக்கிறதா, அதில் கையெழுத்து யாருடையது? பக்கத்துக் கடைவீட்டுச் சுவரில் அசைவை அளக்க ஒட்டியிருக்கும் அளவுகோலை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை படிக்கிறார்கள்? நல்ல சைட்டில் இவற்றுக்குப் பதில் உடனே கிடைக்கும், தாளும் கையில் தருவார்கள்.